இரண்டாவது ரத்தம்

இது எனக்கு நடந்தது. யாரிடமோ கேட்டு எழுதவில்லை. என் கிளினிக் புத்தகமும் யோலாவின் கிளினிக் புத்தகமும் இப்போது என் தையல் மெஷின் பலகை மேல் கிடக்கின்றன. இரண்டிலும் ஒரே எண் ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். என் கண்ணைக் காப்பாற்றியவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

என் பெயர் தெமாரிஸ். மில்ன் விரிகுடாக் கரையில் இருக்கிறேன். பெண்களுக்கு மேல்சட்டை தைப்பது தொழில். ஊரில் யார் வீட்டுத் தையல் மெஷின் நின்றுபோனாலும் என்னிடம்தான் வரும். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் என் கண்ணில் என்ன செய்தார்கள் என்பதையும் கழற்றித்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் மற்றது புரியாது.

என் கணவன் எஸ்ரோம் டிங்கி என்கிற சின்ன மோட்டார் படகு ஓட்டுகிறான். நான் அவனுக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவி நலீடா. வயிற்றைக் கிழித்து யோலாவை எடுத்தார்கள். மூன்றாவது வாரம் வீட்டிலேயே காய்ச்சல் கண்டு நலீடா செத்துப்போனாள். நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது யோலாவுக்குப் பத்து மாதம்.

எங்கள் பக்கம் பிள்ளை தாயின் குலத்துக்குச் சொந்தம். நலீடாவின் அக்கா பிரிசில்லா குழந்தையை எங்களிடம் விட்டுவைத்திருந்தாள். துக்கம் முடிக்கும் விருந்து வரை. பன்றி வெட்டி, கிழங்கு குவித்து, அழுகையை முடித்துவைக்கிற நாள் அது. பிள்ளை எங்கே வளரும் என்பதை அன்றுதான் அவள் சொல்வாள்.

எனக்குப் பிள்ளை தங்காது என்று மருத்துவர்கள் முன்பே கைவிரித்திருந்தார்கள். எனக்கு யோலா வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

யோலா எஸ்ரோமை அப்பா என்பாள். கோழியைக் கோழி என்பாள். என்னைத் தெமா என்பாள். அம்மா என்று மட்டும் யாரையும் கூப்பிட்டதில்லை. யாருக்கோ எடுத்துவைத்த பலகாரம் போல அந்தச் சொல்லை வைத்திருந்தாள்.

செத்தவள் மேல் பொறாமைப்படுவது அசிங்கம். நான் பட்டேன். சுவரில் அவளுடைய சீப்பு தொங்கியது. பொறுத்துக்கொண்டேன். அவளுடைய சுண்ணாம்புக் குடுவை தொங்கியது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சின்னச் சுரைக்குடுவை. கழுத்தைச் சுற்றி மீன்முள் கோலம் சுட்டுப் பொறித்திருக்கும். வாயில் ஒரு மரக்குச்சி அடைப்பாகச் செருகியிருக்கும். எங்கள் ஆட்கள் பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு, குச்சியைச் சுண்ணாம்பில் விட்டு எடுத்து, அதிகமாய் ஒட்டியதைக் குடுவையின் விளிம்பில் தட்டி உதறுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு உண்டு. நலீடாவுடையது மூன்று.

"டக்... டக்... டக்னு கேட்டாப் போதும், அவ வந்துட்டான்னு தெரியும்" என்று எஸ்ரோம் ஒரு தடவை சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்து அவன் அப்படிச் சிரித்ததில்லை.

ஏப்ரல் 11, சனிக்கிழமை. எஸ்ரோம் பவளக்கல் சுட்டான். சூடு ஆறுவதற்குள் இடித்து, நலீடாவின் குடுவையில் நிரப்பினான். அவள் கல்லறையில் வைக்கவாம். எனக்கு அவன் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு சுட்டுத் தந்தது கிடையாது.

அவன் கரைக்குப் போனதும் குடுவையை எடுத்தேன். கழுவிவிடலாம், அவள் எச்சில் பட்ட வாசனைகூட மிஞ்சக் கூடாது என்று நினைத்தேன். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். குச்சியை இறுக்கிச் செருகினேன். முகத்துக்கு நேரே பிடித்து ஆட்டினேன்.

புதிதாய்ச் சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா? பொறாமை வந்தால் தெரிந்ததெல்லாம் கழன்றுபோகும்.

குடுவை கையைச் சுட்டது. அடுத்த நொடி குச்சி தெறித்தது.

வலது கண்.

எஸ்ரோம் ஓடிவந்து என் தலையைத் தொட்டிக் குழாயடியில் அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தான். "கண்ணத் தொற தெமா! தொறடி!" அந்தத் தண்ணீர்தான் கண்ணையே மிச்சம் வைத்தது. ஊருக்கு நான் சொன்னது வேறு. சந்தையில் வாங்கிய சுண்ணாம்புப் புட்டி வெடித்தது என்றேன். எஸ்ரோம் குடுவையைத் துடைத்து மறுபடியும் ஆணியில் மாட்டினான்.

காயம் ஆறியது. பார்வை வரவில்லை. காரணத்தைப் பிறகு டாக்டர் கோரா எனக்கு விளக்கினார்.

கருவிழியின் மேல் கண்ணாடி போல ஒரு தோல் இருக்கிறது. அது நாள்தோறும் தேயும், நாள்தோறும் புதிதாக வளரும். அந்த வளர்ச்சிக்கான நாற்றங்கால், கறுப்பும் வெள்ளையும் சேர்கிற ஓரத்தில், ஒரு மோதிரம் போலச் சுற்றி இருக்கிறது. சுண்ணாம்பு என் வலது கண்ணில் அந்த நாற்றங்காலையே எரித்துவிட்டது. நாற்று இல்லாத நிலத்தில் களை ஏறும். வெள்ளையிலிருந்து சிவந்த சதை படர்ந்து கருவிழியை மூடிக்கொண்டது. உள்ளே கண் நன்றாகத்தான் இருந்தது. முன்னால் திரை.

ஜூன் மாதம் ஒரு நாள் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். யோலா என் வலது பக்கமாக இறங்கிக் கடலைப் பார்த்து நடந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றவளை ஒரு மீன்காரர் தூக்கிவந்தார். மறுநாளே பிரிசில்லா வந்துவிட்டாள்.

"ஒத்தக் கண்ணுக்காரி வளத்தது போதும். எந்தங்கச்சி பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்."

"அக்கா, ஆபரேஷன் இருக்காம். கண்ணு வந்துரும்க்கா."

"விருந்து வரைக்கும் பாப்பேன். வலது கண்ணால ஊசியில நூல் கோத்துக் காட்டு, பேசாமப் போயிடறேன். இல்லன்னா வாயத் தொறக்காம பிள்ளையக் குடுத்துரணும்."

அதனால்தான் செப்டம்பரில் டாக்டர் கோராவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். நல்ல பெண்மணி. நான் கேட்ட ஒரு கேள்விக்கும் சலித்துக்கொள்ளவில்லை.

"மொதல்ல அந்தச் சிவப்புத் திரைய உரிச்சு எடுப்பேன். அப்புறம் உன் இடது கண்ணோட ஓரத்துலேர்ந்து நொய் அளவுக்கு ஒரு கீத்து. அதப் பத்துத் துண்டாக்கி வலது கண்ணுல நடுவேன். கொடி நடுற மாதிரி எட வெளி விட்டு நடணும். பத்தும் வேர் புடிச்சுப் படந்தா உனக்குப் புதுத் தோல்."

"வெறும் கண்ணுலயா டாக்டர்? புடிக்குமா?"

"அதான் அடியில மண்ணு மாதிரி ஒண்ணு விரிப்பேன்." ஒரு தட்டில் எதையோ எடுத்துவந்தார். முதலில் தட்டு காலி என்றே நினைத்தேன். பிறகு ஓரம் மின்னியது. "பனிக்குடத்தோட உள்தோல். பிள்ள இதுக்குள்ளதான் ஒம்பது மாசம் மெதந்துக்கிட்டு இருக்கும். வயித்தக் கிழிச்சு எடுக்கற பிரசவத்துல, அம்மா சம்மதிச்சா, வாங்கிக் கழுவி ஜாடியில உறைய வெச்சிருவோம். இது நாள் தாண்டினது, காட்டறதுக்குன்னு வெச்சிருக்கேன்."

"அதெல்லாம் மண்ணுக்குப் போகணுமே டாக்டர்? அம்மா ஊர் மண்ணுல பொதைச்சுத் தென்னம்பிள்ள வெப்போமே?"

"மீதியெல்லாம் வீட்டுக்குக் குடுத்து விட்டுருவோம். நாங்க எடுக்கறது ஒரு கைக்குட்டை அளவு."

அவர் அதைச் செய்தித்தாள் மேல் விரித்தார். அடியில் இருந்த பொடி எழுத்துகளை நான் இடது கண்ணால் தடையில்லாமல் படித்தேன். அவ்வளவு மெல்லியது.

"யாரு பெத்த பிள்ளையோடது வெப்பீங்க?"

"அதச் சொல்லக் கூடாது. எண் மட்டுந்தான். உன் புத்தகத்துல ஒட்டி விடுவேன்."

"அந்தம்மா ரத்தத்துல நோய் இருந்தா?"

"கெட்டிக்காரி. பிரசவத்தன்னிக்கு ஒரு தடவ ரத்தம் எடுப்போம். அதுல சில நோய் ஒளிஞ்சுக்கும், தெரியாது. அதனால ஆறு மாசம் கழிச்சு அதே அம்மா நேர்ல வந்து ரெண்டாவது ரத்தம் குடுக்கணும். அதுவும் சுத்தம்னாத்தான் ஜாடிய வெளிய எடுப்பேன்."

"வரலைன்னா?"

"தூக்கிப் போட்டுருவோம்."

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று, எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

"எத்தன தையல் டாக்டர்?"

"தையலே இல்ல. பசைதான்."

"பசையா!"

"உன் தொழில அவமானப்படுத்தல தாயி. நூல் உறுத்தும்."

செப்டம்பர் 15, செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். வலி இல்லை. முடிந்ததும் இரண்டு கண்ணையும் மூடிக் கட்டினார்கள்.

"இடது எதுக்கு டாக்டர்?"

"ரெண்டு கண்ணும் ஒரே கயித்துல கட்டின டிங்கி மாதிரி. ஒண்ணு திரும்பினா இன்னொண்ணும் திரும்பும். நாத்து பெரண்டுரும். மூணு நாள் இருட்டுலயே கெட."

என்னைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். அந்தக் கட்டிலை நான் பார்த்ததே இல்லை. இடது பக்கம் எஸ்ரோமின் பாய். அதைத் தாண்டி மேவிஸ் என்ற பெண்ணின் கட்டில். எங்கோ தாதியர் மேசையில் வானொலி. இரண்டு மணிச் செய்தி பத்து நிமிடம் ஓடும். முடிந்ததும் அதிலேயே முரசு அடிப்பார்கள். எனக்கு அதுதான் கடிகாரம்.

அன்று முரசு அடித்தது. 2:10. எஸ்ரோம் தேநீர் வாங்கப் போயிருந்தான்.

டக்... டக்... டக்.

என் வலது பக்கம். காதுக்கு ஒரு முழ தூரத்தில்.

பாக்கு வாசனை வந்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனை... தாய்ப்பால் புளித்த வாசனை. மெத்தையின் வலது ஓரம் மெதுவாக அமுங்கியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"எஸ்ரோம்?"

மெல்லும் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் எஸ்ரோமின் செருப்புச் சத்தம் கேட்டது. இடது பக்கமிருந்து. மெத்தை நிமிர்ந்துகொண்டது.

"யாரு இங்க உக்காந்திருந்தது?"

"யாருமில்லையே."

"பொம்பள. பாக்கு மென்னுக்கிட்டு."

"ஆஸ்பத்திரிக்குள்ள பாக்கா? கால ஒடிச்சிருவாங்க. நானே உனக்கு அடிபட்டதுலேர்ந்து தொடல."

மேவிஸ் சிரித்தாள். "அக்காவுக்குக் கட்டு போட்டதும்தான் கண்ணு நல்லாத் தெரியுது. அண்ணே, ஓடிருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் நினைத்தது இதுதான். எஸ்ரோமுக்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள். நான் குருடாகக் கிடக்கிறேன் என்ற தைரியத்தில் பக்கத்திலேயே வந்து உட்காருகிறாள். நலீடாவின் குடுவையைக்கூட அவளிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். எனக்குத் தராததை.

அன்று இரவு நான் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன். இரவில் எதுவும் வரவில்லை.

புதன்கிழமை. காலையில் சிஸ்டர் ஹெஸ்டர் மருந்து போட வந்தார். கத்தினார்.

"சுவத்துல சுண்ணாம்பு தடவினது யாரு? மூணு விரல் இழுத்திருக்கு! எஸ்ரோம், உன் வேலையா?"

"சத்தியமா நான் இல்ல சிஸ்டர்."

"அப்ப சுவரே பாக்கு போட்டுச்சா?"

எஸ்ரோம் ஈரத்துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது. அவனை நான் நம்பவில்லை.

பகல் இரண்டு மணிக்குப் பிரிசில்லா யோலாவைக் கூட்டிவந்தாள். யோலா என் இடது பக்கம் ஏறினாள். கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "தெமா" என்றாள். பிரிசில்லா கிழங்கு விலையையும் விருந்துக்கான பன்றியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

முரசு அடித்தது.

டக்... டக்... டக்.

யோலா என் வயிற்றின் மேல் ஏறி வலது பக்கம் தவழ்ந்தாள். சிரித்தாள். கழுத்தடியில் கிச்சுக்கிச்சு மூட்டினால் வருகிற சிரிப்பு. இரண்டு உள்ளங்கையையும் எதன் மேலோ தட்டினாள்.

"அம்மா."

முதல் தடவை.

"அம்மா. அம்மா."

பிரிசில்லா பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.

"யாரக்கா அது? யாரப் பாத்துக் கூப்பிட்டா? எஸ்ரோமோட வந்தவதான?"

பிரிசில்லா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பிறகு ஒரு மாதிரிக் குரலில், "விருந்து நவம்பர் ஏழு. கண்ணோட வா" என்றாள். போய்விட்டாள்.

எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. ஒன்பது மாதம் அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். காய்ச்சலில் தோளில் போட்டு நடந்திருக்கிறேன். எவளோ ஒருத்தி நேற்று வந்தாள்... அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாள்.

நாளை வரட்டும். கையைப் பிடித்துவிடுவேன் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை. பகல் உணவு முடிந்தது. எஸ்ரோம் என் சட்டையைத் துவைக்கப் போனான். மேவிஸ் குறட்டை விட்டாள். புழுக்கம். வானொலியில் செய்தி வாசித்தார்கள்.

திடீரென்று மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. வானொலியும் நின்றது.

முரசு அடிக்கவில்லை.

நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று... இரண்டு...

டக்.

கட்டிலின் இரும்புக் கம்பியில்.

டக்.

தலையணைக்குப் பக்கத்தில்.

டக்...

காதில்.

மெத்தை அமுங்கியது. பால் வாசனை. முகத்தில் குளிர். என் வலது பொட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி உரிகிற சத்தம் கேட்டது.

சர்ர்...

கட்டைப் பிரிக்கிறாள். என் நாற்று. என் பத்து நாற்று.

கையை வீசிப் பிடித்தேன். கிடைத்தது. ஒரு மணிக்கட்டு.

மெலிந்தது. மாவு பூசியது போல வழவழத்தது. ஐஸ் பெட்டியில் வைத்த மீன் போல ஜில்லென்றிருந்தது.

அதில் ஒரு பிளாஸ்டிக் பட்டை.

என் விரல் பட்டையைச் சுற்றிப் போனது. பெயர் எழுதிக் கட்டுகிற பட்டை. பிரசவ வார்டில் கட்டுவது.

எஸ்ரோமுக்கு எவளும் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். குடுவையைத் தொட்டது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"அவ எம் பிள்ள."

மூச்சுச் சத்தம் நின்றது.

"எம் பிள்ள. நீ போயிட்ட."

மணிக்கட்டு என் பிடியிலிருந்து நழுவவில்லை. இல்லாமல் போனது. கை காற்றை மூடியது.

பிறகு...

என் வலது புருவத்தில் ஏதோ பட்டது. லேசாக. பட்டு... விலகி... பட்டது.

இமைமுடி.

ஒரு இமை சிமிட்டியது. கட்டுக்கு வெளியே. என் கண்ணோடு கண் வைத்து. பூட்டிய அறைக்குள் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பார்களே...

அப்படி.

மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. முரசு இல்லை. வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை 8:40. டாக்டர் கோரா கட்டைப் பிரித்தார். முதலில் இடது. தெளிவாகத் தெரிந்தது. பிறகு வலது. பனி மூட்டம் போல. அதற்குள் ஐந்து விரல்கள் ஆடின.

"எத்தன?"

"அஞ்சு."

"ஒரு நாத்துகூட அசையல. பிளாஸ்திரிதான் கழண்டிருக்கு. பிச்சியா?"

"இல்ல டாக்டர்."

சிஸ்டர் ஹெஸ்டர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். "இது என்ன? சுண்ணாம்பால கண்ணு போனவ, கையில சுண்ணாம்ப வெச்சுக்கிட்டுக் கெடக்கறியா? கழுவுடி மொதல்ல!"

என் ஐந்து விரல் நுனியும் வெள்ளையாக இருந்தன.

வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே நாற்காலி இருக்கும், ஆள் நடக்க இடம் இருக்கும் என்றுதான் மூன்று நாளும் நினைத்திருந்தேன்.

கட்டில் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

யோலா அன்று தட்டிச் சிரித்தது சுவரில்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிரிசில்லாவுக்குத் தெரியும். பிள்ளை போய்விடும்.

அந்தத் தோல் எத்தனை நாள் கண்ணில் இருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் கரைந்துவிடும் என்றார். அதன் மேல் வேர் பிடித்த நாற்றுகள் என் இடது கண்ணுடையவை. கடைசியில் மிஞ்சுவது முழுக்க நான்தான். கேட்டு நிம்மதியாக இருந்தது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எனக்குப் பயம் பாதி போய்விடும்.

அக்டோபர் 30. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் மெஷின் ஊசியில் நூல் கோத்தேன். மூன்றாவது தடவை நுழைந்தது. தனியாக உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 7, விருந்து. ஊரே கூடியிருந்தது. பிரிசில்லா ஊசியும் நூலும் நீட்டினாள். கோத்துக் காட்டினேன். அவள் ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் இளகவில்லை.

"கண்ணு வந்திருச்சு, சரி. பிள்ள உன்ன ஆத்தாளா நெனைக்குதா? இத்தன மாசத்துல ஒரு தடவ கூப்பிட்டிருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

யோலா பாயிலிருந்து எழுந்து வந்தாள். என் மடியில் ஏறி நின்றாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தன் சின்ன உள்ளங்கையை என் இடது கண் மேல் வைத்துப் பொத்தினாள். வலது கண்ணுக்குள் பார்த்தாள்.

"அம்மா."

பெண்கள் விம்மினார்கள். பிரிசில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "வெச்சுக்கோ" என்றாள். எஸ்ரோம் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

பிள்ளை எனக்குக் கிடைத்துவிட்டது.

யோலாவின் கை எங்கே இருந்தது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நான் தெமா. இடது கண்ணைப் பொத்தினால் அம்மா. ஒரு நாள் நானே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணைக் காட்டினேன். யோலா யாரோ வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

முன்பு செத்தவள் மேல் பொறாமை. இப்போது என் சொந்தக் கண் மேலேயே பொறாமை.

போன மாதம் யோலாவின் தடுப்பூசித் தேதியைத் தேடி அவளுடைய கிளினிக் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கம். பிப்ரவரி 8. பிறந்த நேரம் பகல் 2:10. அடியில் ஒரு சீட்டு. எண் 0417.

என் புத்தகத்தை எடுத்தேன். ஒன்பதாம் பக்கம். டாக்டர் ஒட்டிய ஜாடிச் சீட்டு.

0417.

நலீடாவுடையது. யோலா மிதந்த பை.

பிறகு சீட்டின் கீழ் வரிகளைப் படித்தேன். முதல் ரத்தம், பிப்ரவரி 8. இரண்டாவது ரத்தம், அதே ஆண்டு ஆகஸ்ட் 19, பகல் 2:10. கையெழுத்து சிஸ்டர் ஹெஸ்டருடையது.

மறுநாளே டிங்கியில் போனேன். சிஸ்டரிடம் சீட்டைக் காட்டினேன். பதிவேட்டை எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"ஞாபகம் இருக்கா சிஸ்டர்?"

"மறக்க முடியுமா? பாக்கு மென்னுக்கிட்டே உள்ள வந்தா. திட்டினேன். குச்சிய மூணு தட்டுத் தட்டிக் குடுவையில செருகிட்டு, பேசாமக் கைய நீட்டினா. அப்பா, என்ன குளிர்ச்சி அந்தக் கை! ரத்தம் வர அவ்ளோ நேரமாச்சு. ஆனா சோதனையில சுத்தம்."

"வேற எதுவும் பேசலையா?"

"போறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'இது ரொம்ப மெல்லிசாமே சிஸ்டர்... இது வழியாப் பாத்தா அந்தப் பக்கம் தெரியுமா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சிட்டு, நல்லாத் தெரியும்மான்னேன். ஏன், உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

புத்தகத்தை வாங்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன்.

நலீடாவை அடக்கம் செய்தது மார்ச் 1. ஆகஸ்ட் 19 அன்று அவள் மண்ணுக்குள் போய் ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. என் கண்ணில் சுண்ணாம்பு தெறிக்க இன்னும் எட்டு மாதம் இருந்தது.

இதை எழுதும்போது வானொலியில் செய்தி முடியப் போகிறது. யோலா தூங்கி எழுந்துவிட்டாள். பலகைத் தரையில் அவள் காலடி கேட்கிறது.

வலது பக்கமாக வருகிறாள்.

முரசு அடிக்கிறது.